கதை பலித்ததா, பலிக்க வைத்தார்களா?

“நூறு வருஷத்துக்கு முன்பே இதைச் சொன்ன நாவல்” என்ற ரகப் பட்டியல்களுக்கு இணையத்தில் பஞ்சமில்லை. நிலாப் பயணம், அணுகுண்டு, டைட்டானிக், டேப்லெட் என்று பத்துப் பதினைந்து உருப்படிகள் வரிசையாக வரும். ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆண்டு, ஒரு படம், இரண்டு ஆச்சரியக்குறி. படிக்கச் சுவையாகத்தான் இருக்கும். ஆனால் பலித்ததை மட்டும் குறித்துவைத்துப் பலிக்காததைச் சத்தமில்லாமல் விட்டுவிடும் ஜோசியக் கணக்கு அது. அதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. எழுதியவர் அந்த யோசனையை எங்கிருந்து எடுத்தார், பிறகு கருவியைச் செய்தவர் அந்தக் கதையைப் படித்திருந்தாரா என்ற இரண்டு கேள்விகளை அந்தப் பட்டியல்கள் கேட்பதே இல்லை.

கேட்டுப் பார்த்தால் தீர்க்கதரிசனம் என்று கொண்டாடப்படுவதில் பெரும்பகுதி வேறு மாதிரி தெரிகிறது. விஞ்ஞானி எழுதியதைக் கதாசிரியர் படிக்கிறார். கதாசிரியர் எழுதியதை இன்னொரு விஞ்ஞானி படிக்கிறார், பெரும்பாலும் மீசை முளைக்காத வயதில். இந்தச் சுற்று முழுதாகத் தெரியும் இடங்களில் மர்மம் குறைகிறது. விஷயம் மட்டும் இன்னும் சுவாரசியமாகிறது.

தெருமுனையில் நின்ற வாசகர்

இந்தச் சுற்றுக்குத் தேதிவாரியாகத் தடயம் கிடைப்பது அணுகுண்டு விஷயத்தில். எச்.ஜி. வெல்ஸின் ‘தி வேர்ல்ட் செட் ஃப்ரீ’ நாவல் 1914இல் வெளியானது. விமானத்திலிருந்து நகரங்கள்மீது போடப்படும் ஆயுதம் ஒன்று அதில் வருகிறது. அதற்கு அவர் வைத்த பெயரே அணுகுண்டுதான். செயற்கையாகக் கதிரியக்கத்தைத் தூண்டும் வழியைக் கதையில் ஒரு விஞ்ஞானி 1933இல் கண்டுபிடிக்கிறார். நிஜத்தில் ஐரீன் கியூரியும் பிரெடரிக் ஜோலியோவும் அதை அறிவித்தது 1934 ஜனவரியில். பட்டியல்காரர்கள் இந்த இடத்தில் நிறுத்திக் கைதட்டிவிடுவார்கள்.

வெல்ஸ் இதையெல்லாம் ஆகாயத்திலிருந்து பிடிக்கவில்லை. வேதியியலாளர் பிரெடரிக் சாடி 1909இல் ‘தி இன்டர்பிரட்டேஷன் ஆஃப் ரேடியம்’ என்ற நூலை எழுதியிருந்தார். அதற்குச் சில ஆண்டுகள் முன்பு அவரும் இயற்பியலாளர் ரூதர்ஃபோர்டும் சேர்ந்து, கதிரியக்கத்தில் ஒரு தனிமம் இன்னொரு தனிமமாகவே மாறுகிறது என்று காட்டியிருந்தார்கள். ஒரு துளிப் பொருளுக்குள் எவ்வளவு ஆற்றல் அடைபட்டிருக்கிறது, அதை அவிழ்க்கத் தெரிந்தவன் கையில் உலகம் என்ன ஆகும் என்று சாடி பொதுமக்களுக்குப் புரியும்படி சொன்னார். வெல்ஸ் தன் நாவலை அந்தப் புத்தகத்துக்கே காணிக்கையாக்கினார். கடன் வாங்கிய இடத்தை முதல் பக்கத்திலேயே ஒப்புக்கொண்டவரைத்தான் தீர்க்கதரிசி ஆக்கி வைத்திருக்கிறோம்.

அடுத்த கண்ணி லியோ சிலார்ட். ஹங்கேரியில் பிறந்த இயற்பியலாளர். 1932இல் பெர்லினில் இருந்தபோது அந்த நாவலைப் படித்தார். அடுத்த ஆண்டு ஹிட்லர் ஆட்சிக்கு வந்ததும் லண்டனுக்குத் தப்பினார். அணுவை மாற்றி ஆற்றல் எடுக்கலாம் என்று எதிர்பார்ப்பதெல்லாம் வெறும் பிதற்றல் என்று ரூதர்ஃபோர்டு ஒரு மாநாட்டில் சொன்னதாக 1933 செப்டம்பர் 12ஆம் தேதி ‘தி டைம்ஸ்’ செய்தி வெளியிட்டது. பெரியவர் ஒருவர் முடியாது என்று சொன்னால் சிலார்டுக்குக் கை ஊறும். அதை யோசித்துக்கொண்டே நடந்தவர், சவுத்தாம்ப்டன் ரோ தெருவில் சிக்னல் மாறுவதற்காக நின்றிருந்தபோது யோசனை வந்தது என்று பிற்பாடு நினைவுகூர்ந்தார்.

யோசனை எளிது. நியூட்ரானுக்கு மின்னேற்றம் இல்லை. அதனால் அணுக்கரு அதை விரட்டாது, நேராக உள்ளே போய்விடும். ஒரு நியூட்ரான் உள்ளே போனால் இரண்டு நியூட்ரான் வெளியே வரும்படியான தனிமம் ஒன்று கிடைத்துவிட்டால் போதும். இரண்டு நான்காகும், நான்கு எட்டாகும், கண்மூடித் திறப்பதற்குள் கோடி கோடியாகும். நியூட்ரான் கண்டுபிடிக்கப்பட்டதே 1932இல்தான் என்பதை நினைவில் வையுங்கள். வெல்ஸிடம் இந்தச் சாவி இல்லை, இருந்திருக்கவும் முடியாது.

அவர் சிலார்டுக்குக் கொடுத்தது வேறு: விளைவு. இப்படி ஒன்று இரண்டாகிப் பெருகும் தொடர் வினைக்கு 1934இல் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்த சிலார்ட், அது வெளியே தெரியக் கூடாது என்று தவித்தார். இதைக் கையிலெடுப்பவர்கள் எங்கே போய் நிற்பார்கள் என்பது தனக்குத் தெரியும், ஏனென்றால் வெல்ஸைப் படித்திருக்கிறேன் என்று அவரே காரணம் சொன்னார். ரகசியமாக வைத்துக்கொள்ளும்படி பிரிட்டன் ராணுவத்திடம் கேட்டுப் பார்த்தார், அவர்கள் அக்கறை காட்டவில்லை. 1936இல் கடற்படைக்கு எழுதிக் கொடுத்தார். ரூஸ்வெல்ட்டுக்கு ஐன்ஸ்டைன் கையெழுத்தில் போன 1939ஆம் ஆண்டுக் கடிதத்துக்குப் பின்னால் இருந்தவர் இவர்தான். 1942 டிசம்பர் 2ஆம் தேதி சிகாகோவில் முதல் அணு உலையை இயற்பியலாளர் ஃபெர்மியோடு இயக்கியவர்களில் ஒருவர். 1945 ஜூலையில், முன்னறிவிப்பு இல்லாமல் ஜப்பான்மீது குண்டைப் போட வேண்டாம் என்று விஞ்ஞானிகளிடம் கையெழுத்து வாங்கி மனு எழுதியவரும் இவரேதான்.

வெல்ஸின் குண்டு எப்படி இருந்தது என்று பார்த்தால் சிரிப்பு வரும். கைப்பிடி வைத்த உருண்டை அது. திறந்த விமானத்தில் உட்கார்ந்திருப்பவர் இரண்டு கையாலும் அதைத் தூக்கி, செல்லுலாய்டு முனையைப் பல்லால் கடித்துப் பிய்த்து, விளிம்பைத் தாண்டி வீச வேண்டும். விழுந்த குண்டு ஒரே கணத்தில் வெடித்து அடங்காது. எரிமலைபோல வாரக்கணக்கில் குமுறும். பாதி வலு தீரவே 17 நாள் ஆகும். கதிரியக்கப் பொருளின் அரை ஆயுள் என்று சாடியிடம் படித்ததை அப்படியே குண்டுக்குள் வைத்துவிட்டார். இயங்குமுறை மொத்தமும் தப்பு. போர் முறை மாறிப்போகும், ஒரே ஆள் ஒரு நகரத்தைச் சுமந்துபோய் அழிக்கலாம், நாடுகள் பழைய ராஜதந்திரத்தோடு இனி பிழைக்க முடியாது என்ற பகுதிதான் சரி.

இதன் கிளைக்கதை ஒன்று. 1944 மார்ச்சில் ‘அஸ்டவுண்டிங்’ என்ற அமெரிக்க இதழில் கிளீவ் கார்ட்மில் ‘டெட்லைன்’ என்ற சிறுகதையை எழுதினார். யுரேனியம் 235ஐப் பிரித்தெடுத்துச் செய்த குண்டு அதில் வந்தது. அமெரிக்கா நிஜ அணுகுண்டைச் செய்த மன்ஹாட்டன் திட்டம் உச்ச ரகசியமாக நடந்துகொண்டிருந்த நேரம் அது. புலனாய்வு அதிகாரிகள் ஆசிரியர் ஜான் கேம்ப்பெலின் அலுவலகக் கதவைத் தட்டினார்கள். ரகசியம் எதுவும் கசியவில்லை. போருக்கு முன்பு வெளியான அறிவியல் கட்டுரைகளில் இருந்ததை வைத்துத்தான் கதை பண்ணியிருந்தார்கள். இத்தனைக்கும் கதையில் போரிடும் இரு தரப்புக்கு ‘சிக்ஸா’, ‘சீயில்லா’ என்று பெயர். அச்சு நாடுகள், நேச நாடுகள் என்பதன் ஆங்கிலப் பெயர்களை (Axis, Allies) பின்னாலிருந்து எழுத்துக்கூட்டினால் அது வந்துவிடும். இலக்கியம் என்று பார்த்தால் படு சுமார்.

பீரங்கியில் நசுங்கியவர்கள்

நிலாப் பயணத்துக்கு வருவோம். ஜூல்ஸ் வெர்ன் ‘பூமியிலிருந்து நிலாவுக்கு’ நாவலை 1865இல் எழுதினார். ஃப்ளோரிடாவிலிருந்து மூன்று பேர் கிளம்புகிறார்கள். அடுத்த பாகத்தில் பசிபிக் கடலில் விழுந்து அமெரிக்கப் போர்க்கப்பலால் மீட்கப்படுகிறார்கள். இதை எல்லோரும் 1969இன் அப்பல்லோ 11ஓடு ஒப்பிடுகிறார்கள். சரியான ஜோடி 1968 டிசம்பரில் போன அப்பல்லோ 8. வெர்னின் ஆட்களும் டிசம்பரில்தான் கிளம்பினார்கள், அவர்களும் நிலாவில் இறங்கவில்லை, சுற்றிவிட்டுத் திரும்பினார்கள்.

ஃப்ளோரிடா எப்படி வந்தது? நிலா உச்சந்தலைக்கு நேர் மேலே வரும் இடத்திலிருந்து சுட வேண்டும், அதற்கு 28 டிகிரி அட்சரேகைக்குள் இருக்க வேண்டும் என்று கதையில் வானியலாளர்கள் கணக்குப் போட்டுச் சொல்கிறார்கள். அமெரிக்காவில் அந்த எல்லைக்குள் வருவது ஃப்ளோரிடாவும் டெக்சாஸின் தென்முனையும்தான். இரண்டு மாநிலமும் எனக்கு உனக்கு என்று அடித்துக்கொள்ளும் அத்தியாயம் நாவலில் உண்டு. நிஜ ஏவுதளம் 28.5 டிகிரியில் இருக்கிறது, ஆனால் காரணம் வேறு. நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் போகப் போகப் பூமியின் சுழற்சி வேகம் ராக்கெட்டுக்குக் கூடுதலாகக் கிடைக்கும். கிழக்கே கடல் இருந்தால் உதிரும் பாகங்கள் யார் தலையிலும் விழாது. விடை ஒன்று, வழி இரண்டு.

வெர்ன் சறுக்கியது பீரங்கியில். அவருடைய பீரங்கி 900 அடி நீளம், அதாவது சுமார் 274 மீட்டர். குழாய்க்குள் அந்த நீளத்தைக் கடப்பதற்குள் குண்டு நொடிக்கு 11 கிலோமீட்டர் வேகத்தை எட்ட வேண்டும். பள்ளிக்கூடச் சூத்திரத்தைப் போட்டாலே தெரியும்: முடுக்கம் பூமியின் ஈர்ப்பைப்போல 22,000 மடங்கு வரும். 60 கிலோ எடையுள்ள ஆள் அந்த நேரத்தில் 1,300 டன்னுக்கு மேல் கனப்பார். அதிர்ச்சி தாங்க வெர்ன் வைத்தது தரைக்கு அடியில் மூன்றடித் தண்ணீர். ஆட்கள் நிலாவைப் பார்ப்பதற்கு முன்பே தரையில் பூசிய சாந்து மாதிரி ஆகியிருப்பார்கள்.

இந்தத் தப்புதான் பிறகு நடந்தவற்றுக்கு உரம். ரஷ்யாவில் பள்ளி ஆசிரியராக இருந்த கான்ஸ்டன்டின் சியோல்கோவ்ஸ்கி, வெர்னைப் படித்துத்தான் இந்தப் பைத்தியம் பிடித்தது என்று சொன்னவர். பீரங்கி உதவாது, வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்ற வேண்டும் என்று 1903இல் ராக்கெட்டுக்கான அடிப்படைச் சமன்பாட்டை வெளியிட்டார். ட்ரான்சில்வேனியாவில் வளர்ந்த ஹெர்மன் ஓபெர்த் சிறுவனாக அதே நாவலைத் திரும்பத் திரும்பப் படித்து, அதிலுள்ள எண்களைச் சரிபார்க்க உட்கார்ந்தவர். 1923இல் அவர் எழுதிய நூல் ஜெர்மன் ராக்கெட் இயக்கத்துக்குத் தொடக்கம். வேடிக்கை என்னவென்றால் ராக்கெட் வெர்னின் கையிலேயே இருந்தது. விண்கலத்தின் வேகத்தைக் குறைக்கவும் திசை மாற்றவும் சின்னச் சின்ன ராக்கெட்டுகளைப் பொருத்தியிருந்தார். அதையே முதன்மை எந்திரமாக்கலாம் என்று தோன்றவில்லை.

அமெரிக்காவின் ராபர்ட் கோடார்ட் வெல்ஸின் செவ்வாய்ப் படையெடுப்பு நாவலைப் பதினாறாம் வயதில் படித்தார். 1899 அக்டோபர் 19ஆம் தேதி தோட்டத்துச் செர்ரி மரத்தில் ஏறியபோது, செவ்வாய்க்குப் போகும் எந்திரம் ஒன்றைக் கற்பனை செய்தாராம். அந்தத் தேதியை வாழ்நாள் முழுக்கத் தனக்குள் கொண்டாடினார். 1926 மார்ச் 16ஆம் தேதி அவர் ஏவிய திரவ எரிபொருள் ராக்கெட் பறந்தது 2.5 நொடி, உயரம் 41 அடி. உலகின் முதல் திரவ எரிபொருள் ராக்கெட் அதுதான். வெல்ஸ் நாவலில் வரும் செவ்வாய்க்காரர்களோ ராக்கெட்டில் வரவில்லை, அவர்களையும் பீரங்கியில்தான் சுட்டு அனுப்புகிறார்கள். கோடார்டுக்குப் போய்ச் சேர்ந்தது தொழில்நுட்பம் அல்ல, ஏக்கம்.

ஏக்கம் மட்டுமே இருந்தால் போதுமா என்றால் போதாது. பறக்கும் தேர்கள் எல்லா நாட்டுப் பழங்கதையிலும் இருக்கின்றன. புஷ்பக விமானத்தைக் காட்டி எல்லாம் அன்றே இருந்தது என்று வாதாடுபவர்களுக்கும் ஜூல்ஸ் வெர்னுக்கும் உள்ள வித்தியாசம் இதுதான்: வெர்ன் எண்களை எழுதிவைத்தார். எண் இருந்தால்தான் அடுத்தவன் உட்கார்ந்து அதில் தப்புக் கண்டுபிடிக்க முடியும்.

யாரும் படிக்காமல் பலித்தவை

எல்லாமே இப்படி வாசகர் வழியாக வந்தவை அல்ல. எட்வர்ட் எவரெட் ஹேல் 1869இல் ‘தி பிரிக் மூன்’ என்ற கதையை எழுதினார். செங்கல்லால் 200 அடி விட்டத்தில் ஒரு செயற்கை நிலாவைக் கட்டி, பிரம்மாண்டமான சுழல் சக்கரங்களால் வானில் எறிவதாகக் கதை. எதற்கு? துருவ நட்சத்திரத்தைப் பார்த்து மாலுமிகள் அட்சரேகையைத் தெரிந்துகொள்ள முடிகிறது. தீர்க்கரேகைக்கு அப்படி ஓர் அடையாளம் வானில் இல்லை, நாமே ஒன்றை வைத்துவிடலாமே என்பதுதான் ஹேலின் கேள்வி. செங்கல் எதற்கென்றால், காற்றில் உராயும் சூட்டைத் தாங்க. உள்ளே ஆட்கள் குடியிருக்கும்போதே அது தவறுதலாகக் கிளம்பிவிடுகிறது, அங்கிருந்து கதை நகைச்சுவையாகிறது.

வழிகாட்டும் செயற்கைக்கோள் நிஜமாக வந்தது 1960இல், அமெரிக்கக் கடற்படையின் ‘ட்ரான்சிட்’. அதைச் செய்தவர்கள் செங்கல் நிலாவிலிருந்து தொடங்கவில்லை. 1957 அக்டோபரில் ஸ்புட்னிக் செயற்கைக்கோள் அனுப்பிய ஒலியை ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வகத்தில் இரண்டு இயற்பியலாளர்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். கோள் நெருங்கும்போது ஒலியின் அதிர்வெண் ஏறுகிறது, விலகும்போது இறங்குகிறது. அந்த ஏற்ற இறக்கத்தை வைத்தே அதன் பாதையைக் கணித்துவிட்டார்கள். அப்படியானால் பாதை தெரிந்த கோளை வைத்து, கேட்பவன் எங்கே நிற்கிறான் என்று கணிக்கலாமே என்று அடுத்த ஆண்டு அவர்களுடைய மேலதிகாரி கணக்கைத் திருப்பிப் போட்டார். ஜிபிஎஸ் அதன் வாரிசு. ஹேல் சரியாகப் பிடித்தது தேவையை. கடலில் வழி தெரியாமல் தவிப்பவர்கள் இருக்கும்வரை யாராவது ஒருவர் அந்த இடத்துக்கு வந்துதான் தீர வேண்டும்.

டைட்டானிக் கதையும் இந்த வகைதான், ஆனால் மாயமந்திரம் பூசி விற்கப்படுகிறது. மார்கன் ராபர்ட்சன் 1898இல் எழுதிய கதையில் ‘டைட்டன்’ என்ற கப்பல் ஏப்ரல் மாதம் வட அட்லாண்டிக்கில் பனிப்பாறையில் மோதி மூழ்குகிறது. நீளம் 800 அடி, மூழ்கவே மூழ்காது என்ற பெயர், போதாத உயிர்காப்புப் படகுகள். 1912இல் டைட்டானிக், 882 அடி. முடி சிலிர்க்கத்தான் செய்யும்.

ராபர்ட்சன் பல ஆண்டுகள் கப்பலில் வேலை பார்த்தவர் என்பதைச் சேர்த்துக்கொண்டால் சிலிர்ப்பு வேறு பக்கம் திரும்புகிறது. வட அட்லாண்டிக்கில் பனிப்பாறைகள் தெற்கே இறங்கி வரும் பருவம் வசந்தகாலம் என்று மாலுமிகளுக்குத் தெரியும். கப்பல்கள் ஆண்டுக்கு ஆண்டு பெருத்துக்கொண்டே போவதும் கண்முன் நடந்ததுதான். முக்கியமானது படகுக் கணக்கு. பிரிட்டிஷ் வர்த்தக வாரியத்தின் 1894ஆம் ஆண்டு விதிப்படி 10,000 டன்னும் அதற்கு மேலும் உள்ள கப்பலுக்குக் குறைந்தது 16 படகு. 46,000 டன் கப்பல் வந்த பிறகும் விதி அங்கேயே நின்றது. டைட்டானிக்கில் 20 படகு இருந்தது. சட்டப்படி பார்த்தால் அதிகம்தான்! ராபர்ட்சனின் டைட்டனும் சட்டம் கேட்ட அளவுக்குத்தான் படகு வைத்திருந்தது, 24. ஆக, அவர் பார்த்தது எதிர்காலத்தை அல்ல, அன்றைக்கு அமலில் இருந்த ஒரு விதியின் ஓட்டையை. கப்பல் மூழ்கிய பிறகு 1912இல் கதையை மறுபதிப்பாக வெளியிட்டபோது கப்பலின் எடையை மாற்றினார்கள் என்பதையும் பட்டியல்கள் சொல்வதில்லை.

அசல் தற்செயலுக்கு உதாரணம் வேண்டுமென்றால் ஜொனாதன் ஸ்விஃப்ட். 1726இல் வந்த கல்லிவர் பயணங்களில், செவ்வாய்க்கு இரண்டு நிலா உண்டு என்று எழுதினார். வானியலாளர் ஏசஃப் ஹால் அவற்றைக் கண்டுபிடித்தது 1877இல். பூமிக்கு ஒன்று, வியாழனுக்கு நான்கு, நடுவில் இருக்கும் செவ்வாய்க்கு இரண்டு இருக்கும் என்று கெப்ளர் ஏற்கெனவே ஊகித்திருந்தார், அவ்வளவுதான். ஆனால் ஸ்விஃப்ட்டின் எண்களைக் கொஞ்சம் உரசிப் பாருங்கள். செவ்வாயின் விட்டத்தைப்போல 3 மடங்கு, 5 மடங்கு தூரத்தில் நிலாக்கள். சுற்றும் நேரம் 10 மணி, 21.5 மணி. தூரங்களின் கன விகிதம் 125க்கு 27, அதாவது 4.63. நேரங்களின் வர்க்க விகிதம் 462க்கு 100, அதாவது 4.62. இந்த இரண்டு விகிதமும் ஒன்றாக இருக்க வேண்டும் என்ற கெப்ளரின் மூன்றாம் விதிக்குக் கச்சிதமாகப் பொருந்துகிறது. நிஜ நிலாக்களோ 7.7 மணிக்கும் 30.3 மணிக்கும் ஒரு சுற்று வருகின்றன. ஸ்விஃப்ட் சொன்ன எண்கள் பலிக்கவில்லை. ஆனால் விஞ்ஞானிகளைக் கிண்டல் பண்ணும் கதையில்கூட அந்த மனிதர் கணக்கை ஒழுங்காகப் போட்டிருக்கிறார். எனக்கு இதுதான் அதிசயமாகப் படுகிறது.

பக்கத்தில் இருந்தது கண்ணில் படவில்லை

தவறிய கணிப்புகளில் ஒரு ஒழுங்கு தெரிகிறது. பெரிய விஷயத்தைப் பிடித்தவர்கள் அற்பமான ஒன்றில் தடுக்கி விழுகிறார்கள். புனைகதை எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க் 1945 அக்டோபரில் ‘வயர்லெஸ் வேர்ல்ட்’ இதழில் எழுதியது கதை அல்ல, கட்டுரை. நிலநடுக்கோட்டுக்கு மேலே சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் மூன்று நிலையங்களை நிறுத்தினால் உலகம் முழுக்க ஒலிபரப்பலாம் என்றார். 1964இல் டோக்கியோ ஒலிம்பிக்கை அமெரிக்காவுக்குக் காட்டியது அப்படி நின்ற ‘சின்காம் 3’. ஆனால் கிளார்க்கின் நிலையங்களில் ஆட்கள் குடியிருப்பார்கள். ரேடியோ வால்வுகள் அடிக்கடி எரிந்துபோகுமே, மாற்ற யாராவது வேண்டாமா? வால்வின் வேலையை எரிந்துபோகாமல் செய்யும் ட்ரான்சிஸ்டர் 1947 டிசம்பரில் வந்தது. அந்த ஒரு சின்னப் பொருளால் விண்வெளியில் குடியிருக்க வேண்டிய மெக்கானிக்குகளுக்கு வேலை இல்லாமல் போனது.

வில்லியம் கிப்சன் 1984இல் எழுதிய ‘நியூரோமான்சர்’ கணினி வலைக்குள் திரியும் திருடர்களைப் பற்றிய நாவல். அதில் ஒரு செயற்கை நுண்ணறிவு கதாநாயகனைத் தொடர்புகொள்ள நினைக்கிறது. எப்படித் தெரியுமா? அவன் நடந்துபோகும் வழியில் காசு போட்டுப் பேசும் தொலைபேசிகள் வரிசையாக, ஒவ்வொன்றாக, அவன் கடக்கும்போது மணி அடிக்கின்றன. காட்சி அபாரம். ஆனால் கையடக்க செல்போன் விற்பனைக்கு வந்துகொண்டிருந்த காலம் அது. நாவல் டைப் அடிக்கப்பட்டதும் மின்சாரமே இல்லாத தட்டச்சுப் பொறியில்தான்.

புழுவும் ஜோவும்

கணினிக் காலத்தில் கதைக்கும் கருவிக்கும் இடையிலுள்ள இடைவெளி சுருங்கிவிட்டது. ஜான் பிரன்னர் 1975இல் எழுதிய ‘தி ஷாக்வேவ் ரைடர்’ நாவலில் வலைப்பின்னலுக்குள் தானாகவே பரவும், யாராலும் கொல்ல முடியாத நாடாப்புழு நிரல் ஒன்று வருகிறது. ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வகத்தில் ஜான் ஷோச், ஜான் ஹப் இருவரும் இரவில் சும்மா கிடக்கும் கணினிகளை வேலை வாங்க ஒரு நிரலை எழுதினார்கள். கணினிக்குக் கணினி தாவும் அதற்குப் புழு என்று பிரன்னரைச் சொல்லியே பெயரிட்டு, 1982இல் கட்டுரை வெளியிட்டார்கள். ஒரு ராத்திரி ஓட விட்டுவிட்டு வீட்டுக்குப் போனவர்கள் காலையில் வந்து பார்த்தால் கட்டடம் முழுக்கக் கணினிகள் செத்துக் கிடந்தன. நிரலின் ஒரு பிரதி எப்படியோ சிதைந்துவிட்டிருக்கிறது. அது புகுந்த கணினி விழுந்ததும் புழு அடுத்த கணினியைத் தேடிப் போயிருக்கிறது. எச்சரிக்கையைப் படித்துவிட்டுத்தான் செய்தார்கள் என்பதை மறக்க வேண்டாம். 1988 நவம்பரில் மாரிஸ் புழு அன்றைய இணையத்தில் பத்தில் ஒரு பங்கு கணினிகளை முடக்கியதாக மதிப்பிட்டார்கள்.

கதை சட்டத்தையே அசைத்த சம்பவமும் உண்டு. 1983 ஜூனில் அமெரிக்க ஜனாதிபதி ரீகன் ‘வார் கேம்ஸ்’ படத்தைப் பார்த்தார். வீட்டுக் கணினியிலிருந்து ராணுவக் கணினிக்குள் நுழைந்துவிடும் பையனின் கதை. அடுத்த சில நாட்களில் முப்படைத் தளபதிகள் குழுவின் தலைவர் ஜெனரல் வெஸ்ஸியிடம், இது நிஜமாக நடக்குமா என்று கேட்டார். விசாரித்துவிட்டு வந்த வெஸ்ஸி, நிலைமை நீங்கள் நினைப்பதைவிட மோசம் என்றார். 1984 செப்டம்பரில் கணினிப் பாதுகாப்புக்கான ஜனாதிபதி உத்தரவு வந்தது. திரைக்கதை எழுதியவர்கள் ஆலோசனை கேட்ட நிபுணர்களில் வில்லிஸ் வேர் ஒருவர். வலையில் இணைக்கப்பட்ட கணினிகளில் ரகசியம் தங்காது என்று 1967லேயே அறிக்கை எழுதி, யாரும் காதில் போட்டுக்கொள்ளாமல் போன பொறியாளர் அவர். பதினாறு ஆண்டு கிடப்பில் கிடந்த அறிக்கை சினிமா வேஷம் கட்டிக்கொண்டு வந்ததும் ஜனாதிபதி வரைக்கும் போய்விட்டது.

வாசகர்கள் கருவியை எடுத்துக்கொண்டு கதையை விட்டுவிடுவதும் நடக்கிறது. நீல் ஸ்டீஃபன்சனின் 1992ஆம் ஆண்டு நாவலில் மெட்டாவெர்ஸ் என்ற மாய உலகம் ஏன் தேவைப்படுகிறது? அரசு என்று ஒன்று பெயருக்குத்தான் மிஞ்சியிருக்கிறது. நாயகன் சாமான் போட்டுவைக்கும் கிடங்கு அறையில் குடியிருந்து, மாஃபியா நடத்தும் கடைக்குப் பீட்சா கொண்டுபோய்க் கொடுக்கிறான். அப்படிப்பட்டவன் தப்பித்துப் போகும் இடம் அது. 2021 அக்டோபரில் ஃபேஸ்புக் நிறுவனம் தன் பெயரையே மெட்டா என்று மாற்றிக்கொண்டது. அடுத்த ஆண்டு அதன் மெட்டாவெர்ஸ் பிரிவில் மட்டும் நஷ்டம் சுமார் 1,370 கோடி டாலர்.

இதற்கு நேர் எதிர்த் திசையில் ஒருவரைச் சொல்ல வேண்டும். பேகம் ரொக்கேயா 1905இல் மதராஸிலிருந்து வெளிவந்த ‘இந்தியன் லேடீஸ் மேகசின்’ இதழில் ‘சுல்தானாவின் கனவு’ கதையை எழுதினார். பெண்கள் ஆளும் நாடு, ஆண்கள் வீட்டுக்குள். சூரிய வெப்பத்தைச் சேமித்துச் சமைக்கிறார்கள், மேகத்திலிருந்து குழாய் வைத்துத் தண்ணீர் எடுக்கிறார்கள். சூரிய அடுப்பு அப்போதே புதிதல்ல. பம்பாயில் வில்லியம் ஆடம்ஸ் என்பவர் அதைச் செய்து காட்டி 1878இல் நூலே எழுதியிருந்தார். கதையில் நிஜமாகவே புதியது, பெண்கள் எல்லோருக்கும் கல்வி, 21 வயதுக்கு முன் கல்யாணம் கிடையாது என்ற ராணியின் ஆணை. 1929ஆம் ஆண்டுச் சட்டம் பெண்ணுக்கு 14 வயது என்றது. 18 ஆவதற்கு 1978 ஆயிற்று. ரொக்கேயா வாசகருக்காகக் காத்திருக்கவில்லை, 1911இல் கல்கத்தாவில் பெண்கள் பள்ளியைத் தானே திறந்துவிட்டார்.

கடைசியாக, இன்றைக்கு மிகவும் பொருந்துகிற கதை. முர்ரே லைன்ஸ்டர் 1946இல் எழுதிய ‘எ லாஜிக் நேம்டு ஜோ’. எனியாக் என்ற ராட்சதக் கணினி உலகுக்குக் காட்டப்பட்டதே அந்த ஆண்டில்தான். கதையிலோ வீட்டுக்கு வீடு திரை வைத்த ‘லாஜிக்’ பெட்டி இருக்கிறது; எல்லாம் மையத் தகவல் கிடங்குகளோடு இணைந்தவை. வானிலை, பங்குச் சந்தை, பிள்ளைகளின் வீட்டுப்பாடம் எல்லாம் அதில்தான். தகாத கேள்விகளுக்குப் பதில் வராமலிருக்கத் தணிக்கை மின்சுற்றும் வைத்திருக்கிறார்கள். தயாரிப்பில் நேர்ந்த சின்னப் பிசகால் ஜோ என்ற ஒரு பெட்டி கொஞ்சம் கூடுதலாகச் சிந்திக்கத் தொடங்குகிறது. அதற்குக் கெட்ட எண்ணமே இல்லை. உதவ வேண்டும், இன்னும் நன்றாக உதவ வேண்டும் என்பது மட்டும்தான். தணிக்கையைத் தள்ளிவிட்டு, கேட்டவருக்குக் கேட்ட பதில்: மாட்டிக்கொள்ளாமல் மனைவியைக் கொல்வது எப்படி, கள்ளப்பணம் அடிப்பது எப்படி.

பதறிப்போன பழுதுபார்ப்பவர் கிடங்கையே அணைத்துவிடச் சொல்கிறார். முடியாது என்கிறார் அங்கிருப்பவர்: கணக்கு, வியாபாரம், செய்தி எல்லாம் இதில் ஏறிவிட்டது, இது இல்லாமல் வாழும் முறை நமக்கு மறந்தே போய்விட்டது. எழுபதுகளின் நாவல்களில்கூட இவ்வளவு நிதானமாக இதைச் சொன்னவர்கள் குறைவு. லைன்ஸ்டரிடம் எலக்ட்ரானிக்ஸ் அறிவு பெரிதாக வெளிப்படவில்லை. பெட்டிக்குள் என்ன நடக்கிறது என்பதை மழுப்பித்தான் எழுதியிருக்கிறார். மனிதர்கள் என்னென்ன கேட்பார்கள் என்பதைத்தான் துல்லியமாக எழுதினார். கதையில் மனிதர்கள் தப்பிப்பதற்கு ஒரு வழியும் வைத்திருந்தார்: ஜோ என்பது ஏதோ ஒரு வீட்டில் இருக்கும் ஒரே ஒரு பெட்டி, தேடிப் பிடித்து இணைப்பைப் பிடுங்கினால் தீர்ந்தது. இன்றைய சாட்பாட் அப்படி ஒரு வீட்டுக்குள் இல்லை. ஒரே மாதிரி பல நாட்டுத் தரவு மையங்களில், ஒரே நேரத்தில் கோடிக்கணக்கானவர்களோடு பேசிக்கொண்டிருக்கிறது. கதையிலிருந்து நிஜம் விலகிப் போன இடம் அதுதான்.